எந்த மணங்கு?

பெண்ணாடத்தை அடுத்த சிற்றூரில், நம் அங்கத்தினர் ஒருவர் வீட்டுப் பரணில் அவருடைய பாட்டனார் கைப்பட எழுதிய 1959–60ஆம் ஆண்டுக் கணக்கேடு ஒன்று கிடைத்தது. “ஒரு ஏக்கர் கரும்பு, ஆலைக்கு 800 மணங்கு, வரவு ரூ. 1,296” என்பது அதிலுள்ள ஒரு பதிவு. வீட்டுப் பிள்ளை, மணங்குக்கு 8 வீசை, வீசைக்கு 1 கிலோ 400 கிராம் எனப் பெருக்கி, ஏறத்தாழ 9 டன் என்று கண்டு, “தாத்தா காலத்து வெள்ளாமை இவ்வளவுதானா!” என்று நகைத்தானாம். ஏடு நம் பார்வைக்கு வந்தது.

பெருக்கலில் பிழையில்லை, மணங்கில்தான் பிழை. அந்நாளில் மணங்கு என்ற ஒரே பெயரில் இரண்டு எடைகள் வழங்கின. 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்பது சென்னை வழக்கு. அது 960 தோலா. நம் கணக்கில் 11.2 கிலோ. வெல்லமும் புளியும் கடைத்தெருவில் இவ்வழக்கிலேயே நிறுக்கப்பட்டன. ரயில்வேயும் மத்திய அரசாங்கமும் கொண்ட மணங்கோ 40 சேர். சேருக்கு 80 தோலாவாக 3,200 தோலா. அஃதாவது 37.324 கிலோ. கரும்புக்கு அரசாங்கம் விலை கட்டியது இப்பெரிய மணங்கிற்கே. 1959–60 பருவத்துக் குறைந்தபட்ச விலை மணங்குக்கு ரூ. 1.62, குவிண்டாலுக்கு மாற்றினால் ரூ. 4.34. ஏட்டின் 1,296 ரூபாயை 800ஆல் வகுத்துப் பார்க்க, அதே 1.62 வருகிறது. ஆகவே பாட்டனார் அனுப்பிய கரும்பு 9 டன் அன்று, 29.86 டன்!

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. அதற்கு முந்திய ஏடுகளைப் புரட்டுவோர், மணங்குக்குக் கீழே சில்லறை எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று முதலில் நோக்குக. வீசையும் பலமும் இருந்தால் சின்ன மணங்கு. சேர் இருந்தால் பெரியதாக இருக்கலாம். டன் என்றிருந்தால் அதுவும் 2,240 ராத்தல் கொண்ட ஆங்கில டன்னாக இருக்கலாம். அது 1,016 கிலோ.

நெசவாளருக்கோ இது பழங்கதையன்று. நூலின் நம்பர் இன்றும் ராத்தலை ஒட்டியே நிற்கிறது. ஒரு ராத்தல் எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் எத்தனையோ, அதுவே நம்பர். 40ஆம் நம்பர் நூலில் 10 ராத்தல் கட்டுக்கு 400 சிட்டம். கிலோவில் அது 4.536, பில்லில் 4.54 என்று எழுதுவர். 5 கிலோக் கட்டிலோ ஏறத்தாழ 441 சிட்டம் இருக்கும். பழைய கட்டு 1,000 ரூபாய் என்றால் புதிய கட்டு சுமார் 1,102 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். “கட்டு என்ன விலை?” என்று மட்டும் கேட்டுத் திரும்பும் அங்கத்தினர்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கட்டு எத்தனை கிலோ என்பதையும் உடன் கேட்டு, பாவுக்கு எத்தனை சிட்டம் தேறும் என்று கணக்கிட்ட பிறகே பணம் கட்டுக.