கார்டுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் பால்கோவா வாங்காமல் யார் திரும்புவார்கள்? ஆண்டாள் கோயில் பக்கத்துக் கடையில் அரை கிலோ வாங்கி, டெபிட் கார்டை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் மெஷினில் செருகுகிறார். நீங்கள் பின் நம்பரை அழுத்த, ரசீது வருகிறது. அந்தச் சில வினாடிகளில், கார்டிலுள்ள தங்க நிறச் சதுரத்துக்குக் கீழே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. மெஷின் தரும் மின்சாரம்தான்.

பழைய கார்டுகளில் கறுப்புப் பட்டை மட்டுமே இருந்தது. நகலெடுக்கும் கருவியில் ஒருமுறை தேய்த்தால் போலிக் கார்டு தயார். அதனால்தான் 2018 டிசம்பர் 31-க்குள் எல்லாவற்றையும் சிப் கார்டாக மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி.

சிப்புக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அது வெளியே வரவே வராது. மெஷின் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கொடுத்து, 'கையெழுத்துப் போடு' என்கிறது. சிப் கணக்குப் போட்டு விடை தருகிறது. பொதுச் சாவியைக் கொண்டு மெஷின் அதைச் சரிபார்க்கிறது. இன்றைய விடையைத் திருடினாலும் நாளைக்கு உதவாது, கேள்வி மாறிவிடும். ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் 1977-ல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ முறை இது.

சிக்கல் கணக்கில்தான். 1,024 பிட் சாவி என்றால் சுமார் 309 இலக்க எண். ஒரு கையெழுத்துக்கு அத்தனை பெரிய எண்களை ஏறக்குறைய 1,500 முறை பெருக்க வேண்டும். பழைய 8 பிட் சிப் அதைத் துண்டு துண்டாகத்தான் செய்யும். மொத்தம் இரண்டரைக் கோடி சின்னப் பெருக்கல்கள்! வகுத்து மீதி காண்பது தனி. வினாடிக்கு 50 லட்சம் முறை துடிக்கும் சிப்பில் அரை நிமிடம் தாண்டிவிடும். பின்னால் வரிசையில் நிற்பவர் சும்மா இருப்பாரா? அதனால், பெரிய எண்களைப் பெருக்குவதற்கென்றே தனிச் சுற்று ஒன்றைச் சிப்புக்குள் வைத்தார்கள். வேலை ஒரு வினாடிக்குள் முடிந்தது.

ஆனால், அந்தச் சுற்றுக்குக் காசு அதிகம். பிரிட்டன் வங்கிகள் ஆரம்பத்தில் அது இல்லாத மலிவு சிப்பையே கொடுத்தன. வங்கி முன்கூட்டியே போட்டுத்தந்த ஒரே கையெழுத்தை அந்தக் கார்டு எப்போதும் காட்டும். அதை நகலெடுத்து, வங்கியைக் கேட்காமலே பணம் ஏற்கும் மெஷின்களை ஏமாற்ற முடிந்தது. மிச்சம் பிடித்த இடத்தில்தான் ஓட்டை!

வேகத்துக்காகக் குறுக்கு வழியில் போனாலும் ஆபத்துதான். இன்ஃபினியான் சிப்புகளில் சாவிகளைச் சீக்கிரம் உருவாக்கக் கையாண்ட உத்தியால், சாவிகள் பலவீனமாகிவிட்டது 2017-ல் தெரியவந்தது. எஸ்டோனியா நாடு சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் மின்சான்றிதழ்களை நிறுத்தி வைத்தது.

நம் பக்கமும் முயற்சி நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி-யின் 'சக்தி' ப்ராசஸரை அடிப்படையாகக் கொண்டு, அங்கே வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024-ல் ஒரு சிப்பை வெளியிட்டது. ஸ்மார்ட் மீட்டர், மின்னணுப் பூட்டு போன்றவற்றுக்கான அதிலும் ரகசியக் கணக்குக்கென்று தனிச் சுற்று உண்டு.

இப்போது உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பல கார்டுகளில் கறுப்புப் பட்டை இன்னும் இருக்கும். யாராவது அதைத் தேய்க்கக் கேட்டால், 'சிப்பைச் செருகுங்க அண்ணாச்சி' என்று சொல்லுங்கள். போனில் கேட்பவரிடம் நீங்களே ஓ.டி.பி-யைச் சொல்லிவிட்டால், அந்தச் சிப்பால் ஒன்றும் செய்ய முடியாது.