வெடித்த என்ஜின் ஓடிய கதை!

எர்ணாவூர் மேம்பாலத்தின் அருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் 'தடதட'வென்று வரிசையாக வரும். பாலத்தின் ஏற்றத்தில் 'உர்ர்ர்...' என்று உறுமும். எவ்வளவு பெரிய சுமை! அத்தனையையும் இழுப்பது டிரைவர் இருக்கைக்குக் கீழே இருக்கும் டீசல் என்ஜின்தான்.

இந்தப் பகுதிக்கும் வண்டிகளுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எண்ணூர் தொழிற்சாலையில் முதலில் தயாரானவை லாரிகள் அல்ல. ஆஸ்டின் ஏ-40 என்ற இங்கிலாந்து கார்கள்! பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டினார்கள். பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனி கைகோர்த்தது. 1955-ல் 'அசோக் லேலண்ட்' என்று பெயர் மாறியது. டீசலில் ஓடும் லாரிகளும் பஸ்களும் இங்கிருந்து புறப்பட்டன.

தம்பி, தங்கைகளே! இந்த டீசல் என்ஜின் முதல் பரீட்சையில் பெயில் ஆனது உங்களுக்குத் தெரியுமா? அதுவும் சாதாரண பெயில் இல்லை. 'டமார்' என்று வெடித்த பெயில்!

டீசல் ஒரு மனிதர்!

டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயர் அல்ல. ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. குடும்பம் பாரிசை விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்து 12 வயது ருடால்ப் மட்டும் ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகருக்கு, உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பப்பட்டான். 14 வயதில், "நான் என்ஜினீயர் ஆகப் போகிறேன்" என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினான்.

பின்னர் மியூனிக் நகரில் படித்தபோது, பேராசிரியர் கார்ல் வான் லிண்டே வகுப்பில் ஒரு விஷயம் சொன்னார். நீராவி என்ஜினில் 100 ரூபாய்க்கு நிலக்கரி போட்டால், சுமார் 10 ரூபாய்க்குத்தான் வேலை நடக்கும். மீதி வெப்பம் எல்லாம் வீண்! இது டீசலின் மனதைக் குடைந்தது. வீணாகாத என்ஜினை நாமே செய்தால் என்ன?

நெருப்புப்பொறி வேண்டாம்

சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு, வேகமாக நாலைந்து முறை அடித்துப் பாருங்கள். பம்பின் அடிப்பக்கம் சூடாகும். காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பதே காரணம்.

அப்பாவின் ஸ்கூட்டரில் பெட்ரோலைப் பற்ற வைக்க 'ஸ்பார்க் பிளக்' இருக்கிறது. டீசலோ, "காற்றை ரொம்பவும் அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளுமே!" என்று யோசித்தார். இன்றைய டீசல் என்ஜினில் காற்று 15 முதல் 20 பங்கில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தப்படுகிறது. அப்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும்.

டமார்!

ஆக்ஸ்பர்க்கில் இருந்த ஓர் இயந்திரத் தொழிற்சாலை டீசலுக்குக் கைகொடுத்தது. ஒற்றை சிலிண்டருடன் சுமார் 10 அடி உயரத்தில் என்ஜின் எழுந்து நின்றது.

1893 ஆகஸ்ட் 10. அந்த என்ஜினால் தானாகச் சுழல முடியாது. தொழிற்சாலையின் வேறொரு இயந்திரத்திலிருந்து பெல்ட் மாட்டிச் சுழற்றினார்கள். உள்ளே எரிபொருளைச் செலுத்தியதும் பீரங்கி வெடித்தது போல் ஒரு சத்தம்! அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. துண்டுகள் பறந்தன. டீசல் மயிரிழையில் தப்பினார்.

வேறு யாராவது என்றால் மூட்டை கட்டியிருப்பார்கள். டீசலோ, "பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொண்டதே! அப்படியானால் என் யோசனை சரிதான்" என்று நினைத்தார். தவறு யோசனையில் இல்லை, என்ஜினில் இருக்கிறது. அதைத் தேட ஆரம்பித்தார்.

லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன், "கம்ப்ரஷன் இல்லப்பா, ரிங் போயிடுச்சு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே காற்று கசியாமல் தடுப்பவை பிஸ்டன் ரிங்குகள். அவை சரியாக உட்காராவிட்டால் காற்று கசியும். அழுத்தம் குறையும். டீசலின் முதல் என்ஜினுக்கும் இதே நோய்தான்!

தொப்பியைக் கழற்றிய தொழிலாளி

என்ஜினைப் பிரித்தார்கள். ஐந்து மாதம் உழைத்து மாற்றி அமைத்தார்கள். எரிபொருளை அழுத்தக் காற்றோடு சேர்த்து சிலிண்டருக்குள் ஊதும் முறையையும் கொண்டு வந்தார்கள்.

1894 பிப்ரவரி 17. வழக்கம் போல் பெல்ட் என்ஜினைச் சுழற்றியது. லிண்டர் என்ற தொழிலாளி பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பெல்ட்டின் இழுப்பு மாறியது. அதாவது, இப்போது பெல்ட் என்ஜினை இழுக்கவில்லை. என்ஜின்தான் பெல்ட்டை இழுக்கிறது!

லிண்டர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு மரியாதை செய்தார். டீசல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ஜின் தானாக ஓடியது எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் ஒரு நிமிடம்!

அந்த ஒரு நிமிடத்தை நீட்டிக்க இன்னும் மூன்று வருடங்கள் தேவைப்பட்டன. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்வித்தார்கள். புதிய என்ஜின் தயாரானது. 1897 பிப்ரவரி 17-ல், மூன்று வருடம் கழித்து அதே தேதியில், மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதைச் சோதித்தார். எரிபொருளின் சக்தியில் 26 சதவீதம் வேலையாக மாறியது. நீராவி என்ஜினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த என்ஜினை மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் அது லாரியில் ஏற முடியாத அளவுக்கு கனமாக இருந்தது. 1920-களில்தான் டீசல் லாரிகள் வந்தன. அதைப் பார்க்க டீசல் உயிரோடு இல்லை. 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கடலில் மறைந்துபோனார்.

இன்னும் ஒரு பரீட்சை பாக்கி

டீசல் புகை நம் நுரையீரலுக்குக் கெடுதல். லாரிகள் ஓடும் சாலையோரம் வசிப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் மின்சார வண்டிகள் வருகின்றன. 2025-ல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சார பஸ்களை இயக்கத் தொடங்கியது. புகையில்லாமல் பெரும் சுமையை இழுக்கும் வழியைக் கண்டுபிடிக்க, இன்னும் பலர் முயன்றுகொண்டே இருக்கிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்!

அடுத்த முறை ஒர்க்‌ஷாப் வாசலில் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தால், ஓரமாக நின்று, "அண்ணே, இதில் பிஸ்டன் ரிங் எது?" என்று கேளுங்கள். அண்ணன் காட்டுவார். கிரீஸ் மட்டும் சட்டையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் யார் பதில் சொல்வது?