புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் பலபடி நானோ துகள்கள்

பலபடி நானோ துகள்கள் என்பவை பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன மிகச்சிறிய உருண்டைகள் ஆகும். இவற்றின் விட்டம் பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒப்பிட்டுப் பார்க்க, மனித இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7,000 நானோமீட்டர். இத்துகள்களுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து இரத்தத்தில் செலுத்தினால், அது உடலெங்கும் ஒரே நேரத்தில் பரவாமல் சிறிது சிறிதாக, கூடுமானவரை கட்டியின் அருகிலேயே வெளிப்படும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. மருந்து எப்போது வெளிவர வேண்டும் என்பது ஒன்று; எங்கே வெளிவர வேண்டும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு வேதியியல் ஓரளவு நல்ல விடை கண்டுவிட்டது. இரண்டாவது இன்னும் தீரவில்லை. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதால், நோயாளிகளின் குடும்பத்தினர் அளவுக்கு மீறி நம்பிக்கை கொள்ள நேரிடுகிறது.

ஏன் தேவை?

புற்றுநோய் மருந்துகள் பலவும் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. முடியின் வேர், குடலின் உட்சுவர், எலும்பு மச்சை ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பிரிவதால் அவையும் பாதிக்கப்படுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. பசிபிக் யூ மரத்தின் பட்டையில் முதலில் கண்டறியப்பட்ட பாக்லிடாக்செல் என்ற மருந்து நீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்படும் கிரெமோபோர் என்ற பொருளுடன் ஆல்கஹாலும் சேர்த்துத்தான் அதைக் கரைக்கிறார்கள். இந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்பே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டியுள்ளது.

மருந்து மெல்ல வெளிவரும் விதம்

இத்துறையில் மிகுதியாகப் பயன்படும் பலபடி, லாக்டிக் அமில அலகுகளும் கிளைகாலிக் அமில அலகுகளும் இணைந்த பி.எல்.ஜி.ஏ. ஆகும். அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிக்கத் தேவையில்லாமல் தானே கரைந்துபோகும் தையல் நூல்களும் இதே குடும்பத்துப் பலபடிகளால் ஆனவை. உடலில் உள்ள நீர் இச்சங்கிலியின் எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது, இதுவே நீராற்பகுத்தல். எஞ்சும் இரு அமிலங்களையும் உடல் எளிதில் வெளியேற்றிவிடும். லாக்டிக் பங்கு கூடினால் பலபடி நீரை விலக்கும், சிதைவும் தாமதமாகும். இரண்டும் சம அளவில் இருந்தால் சிதைவு மிக விரைவு. ஆக, கலவை விகிதத்தை மாற்றியே சிதையும் காலத்தை மாற்றலாம்.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரான் டிப்போ என்ற ஊசி இவ்வழியில் 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தசையில் ஒருமுறை போட்டால் ஒரு மாதம் வேலை செய்யும். ஆனால் அதில் உள்ளவை நானோ துகள்கள் அல்ல, மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய துகள்கள். இந்த வேறுபாடு முக்கியமானது. உருண்டையின் உள்ளிருந்து விரவல் முறையில் மருந்து வெளிவர ஆகும் நேரம், ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 மைக்ரோமீட்டர் துகளை 100 நானோமீட்டராகச் சிறிதாக்கினால் ஆரம் 100 மடங்கு குறையும். நேரமோ 10,000 மடங்கு குறையும். அதே பொருளில் 30 நாள் எடுத்த விரவல், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்! மாணவர்கள் இதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எனவே நானோ அளவில் மருந்தை வெறுமனே அடைத்து வைத்தால் போதாது, பிடித்து வைக்கவும் வேண்டும். நீரை வெறுக்கும் மருந்தை நீரை வெறுக்கும் உள்ளகத்தில் வைப்பது ஒரு வழி. மருந்தைப் பலபடியுடன் வேதிப்பிணைப்பால் கட்டிவைப்பது இன்னொரு வழி. ஹைட்ரசோன் போன்ற பிணைப்புகள் இரத்தத்தின் pH மதிப்பான 7.4இல் ஓரளவு நிலைத்திருக்கும். செல்லுக்குள் இருக்கும் லைசோசோமில் அம்மதிப்பு 5 அளவுக்கு இறங்கும்போது அவை அறுந்து மருந்தை விடுவிக்கும்.

கட்டியைச் சென்றடைதல்

இரத்தத்தில் நுழையும் அயல்துகளைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் சில நிமிடங்களிலேயே பிடித்துவிடும். துகளின் மேல் பாலிஎத்திலீன் கிளைகால் சங்கிலிகளைப் போர்த்தினால் இரத்தப் புரதங்கள் எளிதில் ஒட்டுவதில்லை; துகள் கூடுதல் நேரம் சுற்றிவரும். ராபர்ட் லாங்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1994இல் இதைச் செய்து காட்டினர்.

சுற்றிவரும் துகள் கட்டியில் ஏன் தங்க வேண்டும்? ஜப்பானைச் சேர்ந்த மட்சுமுராவும் மயேதாவும் 1986இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அவசரமாக வளரும் கட்டியின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் இடைவெளிகள் உள்ளன. நிணநீர் வடிகாலும் சரியாக இல்லை. ஆகவே பெரிய மூலக்கூறுகள் உள்ளே கசிந்து அங்கேயே தேங்குகின்றன என்றனர். அடுத்த முப்பது ஆண்டு ஆய்வுகள் பெரும்பாலும் இதன்மேல்தான் எழுந்தன. எலிகளில் வேகமாக வளரும் கட்டிகளுக்கு இது நன்றாகப் பொருந்தியது. மனிதர்களிலோ கட்டிக்குக் கட்டி, ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழுவினர் பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 விழுக்காடு மட்டுமே. அதுவும் ஆய்வக விலங்குகளில்! அதே குழு 2020இல், துகள்களில் பெரும்பாலானவை இடைவெளி வழியாகக் கசிவதில்லை, குழாய்ச் சுவரின் செல்களே அவற்றைக் கடத்தி உள்ளே அனுப்புகின்றன என்று காட்டியது. அடிப்படை விளக்கமே இப்படி மறுஆய்வுக்கு உள்ளாகியிருக்கிறது.

மருத்துவமனைக்கு வந்தவை

தென்கொரியாவில் 2007இல் ஒப்புதல் பெற்ற ஜெனெக்சால்-பி.எம். என்ற மருந்தில், பாக்லிடாக்செல் பலபடி மிசெல்களுக்குள் வைக்கப்பட்டுள்ளது. கிரெமோபோர் இல்லாததால் வழக்கத்தைவிட அதிக அளவு மருந்தை ஏற்ற முடிந்தது. இதன் உறுதியான பயன் இதுதான். கட்டியைத் தேடிச் சென்று தாக்குவது அன்று. விளம்பரத்துக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம், ஒவ்வாமையால் அவதிப்படும் நோயாளிக்கு அப்படித் தோன்றாது.

தேடிச் செல்லும் வகையில் உருவாக்கப்பட்ட பைண்ட்-014 வேறு பாதையில் போனது. டோசிடாக்செல் மருந்தைச் சுமந்த இத்துகளின் மேற்பரப்பில், புரோஸ்டேட் புற்றுச் செல்களின் ஒரு புரதத்தைப் பற்றும் மூலக்கூறுகள் இருந்தன. 2011இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. எதிர்பார்த்த பலன் கிடைக்காத நிலையில், 2016இல் அதை உருவாக்கிய நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதன் உடைமைகளை ஃபைசர் வாங்கியது. மேலே ஒட்டிய மூலக்கூறு, துகள் கட்டிக்குள் வந்துசேர்ந்த பிறகே செல்லைப் பற்ற முடியும். வந்துசேர்வதற்கு அது வழிகாட்டுவதில்லை.

எல்லா நோயாளிக்கும் ஒரே துகள் என்பதை விட்டு, யாருடைய கட்டி துகளை ஏற்கும் என்று முதலில் பார்க்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. இரும்பு ஆக்சைடு நானோ துகளைச் செலுத்தி, எம்.ஆர்.ஐ. படத்தில் அது கட்டியில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்கிறார்கள். லிப்போசோம் வகை மருந்து ஒன்றைக் கொண்டு சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் இவ்வாறு பார்த்தபோது, இரும்புத் துகள் அதிகம் சேர்ந்த கட்டிகள் மருந்துக்கும் அதிகம் சுருங்கின. பலபடித் துகள்களுக்கும் இத்தகைய முன்சோதனையைப் பயன்படுத்தலாம் என்ற கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது.