புதிய தண்டும் பழைய டப்பெட்டும்

மோட்டார் வண்டியின் இயந்திரமும் மூச்சு விடுகிறது. பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை உள்ளே இழுக்கிறது. எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. இவ்விரு செயல்களுக்கும் உரிய கதவுகளே வால்வுகள். எந்தக் கதவு எந்தக் கணத்தில் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை வகுக்கும் உறுப்பே காம்ஷாப்ட். அது ஒரு நீண்ட இரும்புத் தண்டு. அதன்மேல் முட்டை வடிவான மேடுகள் வரிசையாக அமைந்துள்ளன. தண்டு சுழலும்போது ஒவ்வொரு மேடும் தன்மீது அமர்ந்திருக்கும் டப்பெட் என்னும் சிறிய உருளையை உயர்த்துகிறது. டப்பெட் ஒரு கோலைத் தள்ள, கோல் ஒரு நெம்புகோலைச் சாய்க்க, வால்வு திறக்கிறது. மேடு கடந்து போனதும் சுருள்வில்லின் விசையால் வால்வு மூடிக்கொள்கிறது.

நான்கு அடிப்பு இயந்திரத்தில், சக்கரங்களுக்கு வலுவை அனுப்பும் கிராங்க்ஷாப்ட் இரு முறை சுழலும்போது காம்ஷாப்ட் ஒரு முறை சுழலும். கிராங்க்ஷாப்ட் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால் ஒவ்வொரு வால்வும் 1,500 முறை, அதாவது வினாடிக்கு 25 முறை, திறந்து மூட வேண்டும். இவ்வளவு கடுமையான உழைப்பை இரும்பும் இரும்பும் உராயாமல் காப்பது, இடையிலே படரும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் கார் இதற்கு நல்ல உதாரணமாகும். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இக்காருக்கு 1952 முதல் ஏ வரிசை இயந்திரம் பொருத்தப்பட்டது. 803 கன சென்ரிமீற்றரில் தொடங்கி, 1956இல் 948ஆகவும், 1962இல் 1,098ஆகவும் அது வளர்ந்தது. நான்கு சிலிண்டர்களுக்கும் எட்டு வால்வுகள். அவற்றை இயக்க எட்டு மேடுகள், எட்டு டப்பெட்டுகள். எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவதும், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுவதும் இதே தண்டுதான். ஆகவே இத்தண்டைக் கழற்றுபவர் இயந்திரத்தின் மூச்சையும், குருதியோட்டத்தையும், தீயையும் ஒருங்கே தொடுகிறார்.

மேடுகள் தேய்ந்தால் வால்வு போதிய உயரம் திறவாது; வலு குறையும்; தட்டும் ஓசை எழும். அப்பொழுது புதிய தண்டு போட வேண்டும். வேலை நீண்டது, ஆகையால் குறுக்குவழி தேடும் எண்ணம் எழுவது இயல்பே. குறுக்குவழிகள் யாவும் தீயவை அல்ல. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில், இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்காமலே, முன்புறத்தில் இடம் செய்துகொண்டு தண்டை உருவிவிடலாம். மொறிஸ் மைனரின் ஏ வரிசை இயந்திரத்திலே பக்கத்திலுள்ள இரு மூடிகளைத் திறந்து டப்பெட்டுகளை வெளியே எடுக்கவும் வழியுண்டு. இவை உழைப்பை மட்டுமே மிச்சப்படுத்துகின்றன. இயந்திரம் கேட்கும் நிபந்தனை எதையும் இவை தவிர்ப்பதில்லை. தீங்கு செய்வன, அந்நிபந்தனைகளைக் கைவிடும் குறுக்குவழிகளே.

அவற்றுள் முதலாவது, புதிய தண்டின்மேல் பழைய டப்பெட்டுகளை அமர்த்துவது. டப்பெட்டின் அடி பார்வைக்குத் தட்டையாயினும், நுண்ணிய அளவில் குவிந்தது. மேட்டின் முகமும் சிறிது சரிந்தது. இவ்விரண்டினாலும் டப்பெட் ஏறி இறங்கும்போதே தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது, தேய்வும் பரவலாகிறது. பழைய டப்பெட்டோ பல்லாண்டு பழகிய தன் மேட்டிற்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அந்நிய மேட்டின்மேல் வைத்தால் அது சுழல மறுக்கும். ஒரே இடத்தை அரைத்து, புதிய மேட்டைச் சில மணி நேரத்திலேயே அழித்துவிடவும் கூடும். புதிய தண்டுக்குப் புதிய டப்பெட்டுகளே துணை. பழைய தண்டையே மீண்டும் பொருத்துவதாயின், டப்பெட்டுகளுக்கு இலக்கமிட்டு வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, அடையாளப் புள்ளிகளைச் சரிபார்க்காமல் சங்கிலியை மாட்டுவது. இரு பற்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டும். காம்ஷாப்டின் சக்கரத்தில் 40 பற்கள் எனக் கொண்டால், ஒரு பல் தவறினும் தண்டு 9 பாகை பிசகும்; கிராங்க்ஷாப்டின் கணக்கில் அது 18 பாகை. வண்டி ஓடலாம், ஆனால் இயந்திரம் மூச்சுத் திணறும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறைந்த இயந்திரங்களில் பிசகு மிகுந்தால் இரண்டும் மோதி, வால்வு வளைந்தே போகும்.

மூன்றாவது, பழைய எண்ணெயை அப்படியே விட்டுவிடுவது. தேய்ந்த மேட்டின் இரும்பு எங்கும் மறைந்துவிடவில்லை. நுண்துகளாய் எண்ணெயிலே மிதக்கிறது. எண்ணெய்த் தொட்டியைக் கழுவாமலும் வடிகட்டியை மாற்றாமலும் விட்டால், அத்துகள்கள் புதிய பாகங்களை அரைக்கத் தொடங்கும்.

நான்காவதே மிகப் பலர் செய்யும் பிழை. வேலை முடிந்ததும் இயந்திரத்தை இயக்கி, மெல்ல ஓடவிட்டு அழகு பார்ப்பது. புதிய மேடுகளுக்கும் டப்பெட்டுகளுக்கும் அதற்குரிய பசையைப் பூசி, எண்ணெய்ப் பம்பில் எண்ணெய் ஏறுவதை உறுதி செய்து, இயக்கியவுடன் நிமிடத்திற்கு 2,000 முதல் 2,500 சுற்று வேகத்தில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடும்போது கிராங்க்ஷாப்ட் தெறிக்கும் எண்ணெய் மேடுகளுக்குப் போதாது. மேட்டின் நுனியில் சுருள்வில்லின் அழுத்தமும் அப்போதே அதிகம். பொறுமையாய் ஓட்டுவது இங்கே கருணையன்று.

இக்காலத்தில் இன்னுமொரு கவனமும் வேண்டும். பழைய எண்ணெய்களில் துத்தநாகமும் பொசுபரசும் கலந்த ஒரு சேர்மானம் இவ்வகை மேடுகளைக் காத்து வந்தது. புகையைத் தூய்மையாக்கும் கருவிகளுக்குப் பொசுபரசு ஊறு செய்வதால், புதிய கார்களுக்கான எண்ணெய்களில் அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே பழைய காருக்கு விலையுயர்ந்த புதிய எண்ணெய் எப்பொழுதும் பொருத்தமான எண்ணெய் ஆகிவிடாது. டப்பெட் வகைக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்டதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பழுது பார்ப்பவரை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. “நாளை காலையிலேயே வண்டி வேண்டும், எட்டு டப்பெட்டுக்கும் காசு கொடுக்க முடியாது” என்று உரிமையாளர் அவசரப்படுத்தினால், அங்கேயே குறுக்குவழி பிறந்துவிடுகிறது. தண்டு கெட்டால் தண்டின் விலையோடு மீண்டும் முழு வேலையின் கூலியும் கொடுக்க வேண்டிவரும். மலைப்பாதையில் இடைவழியில் நின்றுபோகும் காரிலே இருக்கும் நோயாளிக்கோ, பரீட்சைக்குச் செல்லும் மாணவனுக்கோ ஏற்படும் இழப்பை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

ஆதலால் கராஜுக்கு வண்டியைக் கொடுப்பவர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்: டப்பெட்டுகள் புதியனவா? புள்ளிகள் பொருந்தினவா? எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பட்டனவா? முதல் 20 நிமிடம் உரிய வேகத்தில் ஓட்டப்பட்டதா? கைத்தொழில் அறிந்தவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ள மாட்டார். தம் வேலையை அறிந்து மதிக்கும் ஒருவர் வந்தாரென்றே மகிழ்வார்.