இரைப்பை அழற்சி: பழி மிளகாய்க்கு, காரணம் வேறு

மேல் வயிற்றில் எரிச்சல், குமட்டல், இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிட்டது போன்ற உணர்வு. இப்படிச் சொன்னால் வீட்டில் வரும் பதில் ஒன்றுதான்: “நேரத்துக்குச் சாப்பிடாம அல்சர் வந்திருக்கும், காரத்தைக் குறை.” காரத்தைக் குறைத்தால் எரிச்சல் தணியலாம். ஆனால் இரைப்பையின் உட்சுவர் அழன்று போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை ஒரு பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான்.

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், அழற்சி கண்ட இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருடன் சேர்ந்த இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவற்றை வளர்க்க முயன்றார், வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே இருந்துவிட, கிருமி வளர்ந்திருந்தது. அதுதான் அழற்சிக்குக் காரணம் என்று அப்போதும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. எண்டோஸ்கோபியில் அழற்சி தெரிந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி, தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றுகிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை. சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய்.

அடுத்தது வலி மாத்திரை. மூட்டு வலி என்று மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக்கும், கூடவே ஒரு ‘கேஸ் மாத்திரை’யும் ஒரே கவரில் போட்டுத் தருகிறார்கள். உட்சுவரைக் காக்கும் சளிப்படலம் சுரக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். இந்த வகை வலி மாத்திரை அதையே தடுக்கிறது. மாதக்கணக்கில் இப்படி விழுங்குவது எனக்குக் கவலையளிக்கிறது. ஆஸ்பிரினும் இந்த வகைதான், ஆனால் இதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. மது குடிப்பதாலும் அழற்சி வரும். உடலின் எதிர்ப்பு சக்தியே இரைப்பையைத் தாக்கும் வகையும் உண்டு. அதில் பி12 குறைந்து ரத்தசோகை வரலாம்.

பாண்டோபிரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரைகள்’ அமிலச் சுரப்பைக் குறைக்கும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் முழுப் பலன். கிருமியை அவை ஒழிக்காது. கிருமி இருக்கிறதா என்று மூச்சு, மலப் பரிசோதனையிலோ எண்டோஸ்கோபியிலோ பார்க்கலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவரைக் கேட்டு, இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் இருக்கும் கிருமியும் இல்லை என்று முடிவு வரலாம். கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் கூட்டு மருந்து. எரிச்சல் போய்விட்டதே என்று ஐந்தாம் நாள் ஆன்டிபயாட்டிக்கை விட்டால், தப்பிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். சிகிச்சை முடிந்து நான்கு வாரமாவது கழித்து மறுபரிசோதனை அவசியம்.

தார் போலக் கருத்த மலம், ரத்த வாந்தி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போட வேண்டாம். எரிச்சலோடு வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் வரும். ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, ஈசிஜி எடுக்கும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.