பூனைக்கு ஒரு பேன் சீப்பு

விதை நெல் உள்ள வீட்டில் பூனையும் இருக்க வேண்டும் என்பது எமது கமக்காரர் நன்கறிந்த விடயம். இடம்பெயரும்போது மாட்டையே அவிழ்த்துவிட்டுப் போக நேர்ந்தவர்கள் பூனையை எங்கே கொண்டுபோவது? ஆனாலும் போன இடத்தில் அடுப்பு மூட்டிச் சில நாட்களுக்குள் ஒரு பூனை வந்து சேர்ந்துவிடும். அரிசியைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பூனை வரும். பிள்ளைகள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர், மீளக்குடியேறிய ஒரு கிராமத்தில் தாயொருவரைச் சந்தித்தேன். அவருடைய சிறிய மகளின் கால்கள் இரண்டிலும் தெள்ளுக் கடித்த தடிப்புகள். பூனையிலிருந்தே தெள்ளு வருகிறது என்று கண்ட அவர், அதன் உடம்பு முழுவதும் மண்ணெண்ணெய் பூசியிருக்கிறார். "இரண்டு நாள் வாயால நுரை தள்ளிக்கொண்டு கிடந்தது, சுவாமி. மூன்றாம் நாள் செத்துப்போச்சு" என்றார். அந்த மாதமே காலபோகத்துக்கென வைத்திருந்த விதை நெல் சாக்கை எலி அரித்துவிட்டது. தெள்ளும் குறையவில்லை.

கொடுமை செய்யும் எண்ணம் அத்தாய்க்கு இல்லை. பிள்ளைக்காகவே செய்தார். பூனையைப் பற்றிய ஓர் உண்மையை எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பூனையின் உடம்பில் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும் என்பதே அது.

நாக்கும் ஈரலும்

பூனையின் நாக்கு அரம் போலச் சொரசொரப்பானது. தொண்டைப் பக்கமாக வளைந்த நுண்ணிய முட்கள் அதில் நூற்றுக்கணக்கில் உள்ளன. இம்முட்களின் நுனியிலுள்ள சிறு குழிகள் உமிழ்நீரை ஏந்திச்சென்று தோல் வரை சேர்க்கின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2018 இல் எடுத்துக்காட்டினர். இவ்வாறு தன்னைத்தானே கழுவிக்கொள்வதால், சுகமாக உள்ள பூனையைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை.

ஆனால் மண்ணெண்ணெய், பினைல், டெற்றோல், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றைப் பூசினால் அவற்றையும் அது நக்கி விழுங்கிவிடும். மனிதரின் ஈரலும் நாயின் ஈரலும் முறித்துவிடும் சில நஞ்சுகளைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. நாய்க்கென விற்கப்படும் தெள்ளு மருந்துகள் பலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். காய்ச்சல் என்று எண்ணிக் கொடுக்கும் ஒரேயொரு பனடோல் குளிசையே பூனையைக் கொல்லப் போதுமானது.

தவறுதலாக மண்ணெண்ணெய் பட்டுவிட்டால் உடனே இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு கழுவித் துடைத்து உலர்த்துங்கள். வாந்தி எடுக்க வைக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சீப்பால் தெள்ளெடுத்தல்

எமது தாய்மார் தலைக்குப் பாவிக்கும் நெருக்கமான பற்களுள்ள பேன் சீப்பே இதற்குப் போதும். பூனைக்கென ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பூனை சாப்பிட்டு அமைதியாக இருக்கும் வேளையே நல்லது. வெளித் திண்ணையில் மடியில் ஒரு பழந்துணியை விரித்து, பக்கத்தில் சவர்க்கார நீர் உள்ள பாத்திரமொன்றை வையுங்கள். முடி வளரும் திசையிலேயே வாருங்கள். கழுத்து, வாலடி, வயிறு ஆகிய இடங்களிலேயே தெள்ளு கூடுதலாக இருக்கும். சீப்பில் அகப்படுவதை உடனே நீரில் அமிழ்த்துங்கள். வெறும் நீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சவர்க்கார நீரில் தாழ்ந்து இறந்துவிடும். சீப்பில் வரும் கரிய துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செந்நிறம் ஊறினால் அது தெள்ளின் எச்சம். பூனையிடம் குடித்த இரத்தமே அது.

முதலில் இரண்டு நிமிடம் போதும். வாலை அடித்தாலோ காதை மடித்தாலோ விட்டுவிடுங்கள். முதல் இரு வாரங்கள் தினமும், பின்னர் வாரம் இருமுறை வாரலாம். குட்டியின் முரசு வெளிறியிருந்தால் தெள்ளு அதன் இரத்தத்தைக் குடித்துத் தீர்க்கிறது என்று கருதி, தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாயையும் மறவாதீர்கள்

அத்தாயின் வீட்டில் பூனை இறந்த பின்னரும் தெள்ளு ஏன் குறையவில்லை? பூனையில் நாம் காண்பது தெள்ளுக் கூட்டத்தின் சிறு பங்கே. முட்டைகள் முடியிலிருந்து வழுக்கிப் பாயிலும் சாக்கிலும் மண் தரையிலும் விழுகின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடியது. எனவே பூனை படுக்கும் துணியை வாரந்தோறும் கொதிநீரில் தோய்த்து, பாயையும் சாக்கையும் நல்ல வெயிலில் காயவிட்டு, மூலைமுடுக்குகளைக் கூட்டி, குப்பையை எரித்துவிடுங்கள்.

வாரும்போது கவனிக்க வேண்டியவை

காதுக்குள் கோப்பித்தூள் போன்ற அழுக்கு இருந்தால் அது காதுச் செள்ளாக இருக்கலாம். குச்சி விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பின்புறத்தில் அரிசிமணி போல ஒட்டியிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். தெள்ளை விழுங்குவதால் இப்புழு உண்டாகிறது. வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும். எலி பிடிக்கும் பூனையின் நகத்தை வெட்ட வேண்டாம். கிழப்பூனையின் நகம் வளைந்து பாதத்தில் குத்தினால் மட்டும் நுனியை வெட்டலாம்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய் பூனையாலும் வரும். பூனைக்கும் அதற்குரிய தடுப்பூசியை ஒழுங்காகப் போடுவியுங்கள்.

அத்தாயின் வீட்டுக்கு அண்மையில் மீண்டும் போயிருந்தேன். இன்னொரு பூனை வந்து சேர்ந்திருந்தது. வாசற்படியில் அந்த மகள் அதை மடியில் வைத்து வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிரட்டையில் சவர்க்கார நீர். உள்ளே பரணில் விதை நெல் சாக்கு, கட்டியபடியே முழுதாக இருந்தது.