ஓயாது நடுங்கும் பூமி

ரயில் வண்டி நிலையத்தில் நுழையும்போது பிளாட்பாரம் அதிர்வதை நாம் யாவரும் அறிவோம். வண்டி நின்றதும் பூமியும் அமைதியுற்றதாக எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. கடலலைகளாலும், காற்றாலும், வண்டிகளாலும், யந்திரங்களாலும் பூமி சதா நடுங்கிக்கொண்டே இருக்கிறது. நம் கால்கள் உணராத அந்நடுக்கத்தைப் பூகம்பமானி பதிவு செய்துவிடும்.

நெடுங்காலம் விஞ்ஞானிகளுட் பலர் இதனை வீண் இரைச்சலென்றே ஒதுக்கினர். அதனாலும் நிலத்தின் இயல்பை அறியலாமென்று ஜப்பானிய அறிஞர் அகி 1957-ஆம் ஆண்டிலேயே வழி காட்டினார். 2005-ல் ஷப்பீரோ, கம்பில்லோ முதலியோர் ஒரு மாத இரைச்சலைக் கொண்டே தென் கலிபோர்னியாவின் நிலவடியைப் படமாக வரைந்தனர். ஈரிடங்களில் எடுத்த பதிவுகளை நெடுநேரம் ஒப்பிட்டால், அதிர்வு ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்லும் நேரம் புலப்படும். அது கெட்டிப் பாறையில் விரைந்தும், இளகிய மண்ணில் மெதுவாகவும் செல்லும். நீண்ட அலைகள் ஆழத்தையும், குறுகியவை மேற்பரப்பையும் காட்டும். வெடி வைக்கவும் வேண்டுவதில்லை. பூகம்பத்துக்குக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை.

இதில் ரயில்வேக்கும் பங்குண்டு என்பது நமக்குப் பெருமை. ஜப்பானிய ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நாகமுரா, ஒரே கருவியில் பதியும் கிடை அதிர்வையும் செங்குத்து அதிர்வையும் ஒப்பிட்டு, நிலத்தின் இயற்கை ஆட்டத்தை அறியும் எளிய முறையை 1989-ல் பரவச் செய்தார். நிலத்தின் ஆட்டமும் கட்டடத்தின் ஆட்டமும் ஒத்துவிட்டால் சேதம் பன்மடங்காகும்.

இதனால் நமக்கென்ன என்று அன்பர்கள் வினவலாம். 1985 செப்டம்பர் 19-ல் பசிபிக் கரையோரம் தோன்றிய பூகம்பம், 300 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மெக்சிகோ நகரைச் சிதைத்தது. பழைய ஏரிப்படுகையில் நின்ற கட்டடங்களே பெரிதும் சரிந்தன. பெங்களூரில் நாம் வண்டியை விட்டிறங்கியதும் எதிரே காணும் பஸ் நிலையமும் தர்மாம்புதி ஏரி இருந்த இடமே. கண்டீரவ விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி இருந்த இடம். அந்நகரின் மண்ணை இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சீதாராம், அன்பழகன் முதலியோர் இத்தகைய நுண்ணதிர்வுகளைக் கொண்டும் ஆராய்ந்துள்ளனர்.

இது அஞ்சுவதற்கன்று, அறிந்து நடப்பதற்கே. தென்னாட்டில் பெரும் பூகம்பம் அரிது. எனினும் மனை வாங்கும் குடும்பத்தார் பத்திரத்தையும் விலையையும் பார்ப்பதோடு, அவ்விடம் முன்பு ஏரியாகவோ குளமாகவோ இருந்ததா என்றும் விசாரித்தல் நலம். மண்ணைச் சோதித்து, அதற்கேற்ற அஸ்திவாரம் இடுக. ஊர்விட்டு வந்து அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருளெல்லாம் அச்சுவர்களில் அடங்கியிருக்கிறதன்றோ!